வெயிலுக்கு ஒரு காலண்டர்... கடலுக்கு ஒரு காலண்டர்!

மத்தியதரைக் கடலோரம் டூர் போக எந்த மாசம் நல்லது? உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் சீஸனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அம்மா! இந்தத் தடவை ஆகஸ்ட்ல வாங்க. எனக்கு மூணு வாரம் லீவு. ஜெர்மனியில கொஞ்ச நாள் இருந்துட்டு, அப்படியே கிரீஸ் தீவுக்குப் போய் ஒரு வாரம் கடற்கரையில இருந்துட்டு வரலாம். டிக்கெட் பார்க்கட்டுமா?"

போனில் மகன் கேட்க, சென்னையில் இருக்கும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல். "அப்பாவுக்கு பி.பி. இருக்கே, சுகர் இருக்கே... அங்கே வெயில் எப்படிடா?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். "அறுபத்தாறு வருஷமா கத்திரி வெயிலைப் பார்த்தவன் நான். வெள்ளைக்காரன் ஊர் வெயில் என்னை என்ன பண்ணிடும்?"

என்ன பண்ணிடும்? விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் பதில் விளையாட்டு இல்லை. பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்க்கிற பல வீடுகளில் இன்று இந்தப் பேச்சு நடக்கிறது. டிக்கெட் விலை, ஓட்டல் வாடகை, விசா எல்லாம் விசாரிக்கிறோம். "இந்த மாசம் நம்ம உடம்புக்கு ஒத்துக்குமா?" என்று மட்டும் விசாரிப்பதில்லை. இப்போது அதை விசாரித்துவிடலாம்.

தோசைக்கல்லும் அண்டாத் தண்ணியும்

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், துருக்கி, சைப்ரஸ், மால்டா... இவையெல்லாம் மத்தியதரைக் கடலைச் சுற்றி இருக்கும் நாடுகள். இங்கே பருவம் நம் ஊருக்கு நேர் எதிர். நமக்கு மழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஒரு சொட்டு விழுவதே அபூர்வம். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை அங்கே மழைக்காலம்.

இதில் ஓர் ஆச்சரியமும் இருக்கிறது. நம் தென்மேற்குப் பருவமழையின்போது இந்தியாவின் மேல் காற்று சூடேறி உயரே எழும்புகிறது. அதற்கு ஈடாக கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் காற்று கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் கூடாது. நம் ஊரில் பெய்யும் மழைக்கும் அவர்கள் ஊர் மொட்டை வெயிலுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது, பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். கடலோர டூர் என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, தலைக்கு மேல் இருக்கும் வெயில். இன்னொன்று, காலுக்குக் கீழ் இருக்கும் தண்ணி. இரண்டும் ஒரே காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை.

அடுப்பில் தோசைக்கல்லை வையுங்கள். சட்டென்று காயும், இறக்கினால் சட்டென்று ஆறும். அண்டா நிறையத் தண்ணி வையுங்கள். காயவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். நிலம் தோசைக்கல், கடல் அண்டா. ஒரு கிலோ மண்ணைவிட ஒரு கிலோ தண்ணியைச் சூடாக்க நாலைந்து மடங்கு அதிக வெப்பம் வேண்டும். போதாததற்குக் கடல் தண்ணி மேலும் கீழுமாகக் கலந்துகொண்டே இருக்கிறது.

அதனால்தான் சூரியன் உச்சிக்கு வருவது ஜூன் 21-ல் என்றாலும் கடல் நன்றாகச் சூடாவது ஆகஸ்டில். கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்.

இதில் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? கிரீஸின் கிரீட் தீவை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் நிற்கும் உயரம், மார்ச் கடைசியில் நிற்கும் அதே உயரம்தான். ஆனால் கடல் தண்ணி? மார்ச்சில் சுமார் 16 டிகிரி. கால் வைத்தால் விறைக்கும். செப்டம்பர் கடைசியிலோ சுமார் 25 டிகிரி. ஜூலையில் இருந்த அதே இதம்! அதாவது வெயில் மார்ச் மாசத்து வெயில், தண்ணி ஜூலை மாசத்துத் தண்ணி. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கணக்கெல்லாம் தானாக வந்துவிடும்.

கத்திரி வெயிலைப் பார்த்தவர் ஏன் பயப்படணும்?

அந்த அப்பாவின் கேள்விக்கு வருவோம். கத்திரி வெயிலை அவர் பார்த்திருக்கிறார், உண்மைதான். ஆனால் எங்கிருந்து பார்த்தார்? பத்து மணிக்குள் மார்க்கெட் போய் வந்துவிடுவார். அப்புறம் ஃபேனுக்கு அடியில் ஈஸி சேர். கையில் மோர். மதியம் ஒரு தூக்கம். அஞ்சு மணிக்கு மேல்தான் வாசல் படியைத் தாண்டுவார். மே மாசம் மதியம் ஒரு மணிக்கு செஞ்சிக் கோட்டை ஏறச் சொன்னால் ஏறுவாரா? "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பார்.

டூரில் அதைத்தான் செய்கிறோம். காலை எட்டரைக்கு டிபன், பத்து மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் கோட்டை, கோயில், பாறைப்படி என்று ஏறுகிறோம். "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு ரூம்லயா உட்கார்றது?" என்று ஒரு வீம்பு வேறு.

இன்னும் சில வித்தியாசங்களும் உண்டு.

சென்னையில் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "அப்பா, வேர்த்துக் கொட்டுது" என்று தண்ணி குடிப்போம். கிரீஸ் தீவுகளில் கோடையில் ஓயாமல் காற்று அடிக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பில் நீர் வற்றுவது நமக்கே தெரியாது. வயசானவர்களுக்கு தாக உணர்ச்சி இயல்பாகவே குறைவு என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

அடுத்தது, உடம்பின் பழக்கம். வெயிலைத் தாங்கும் பழக்கம் உடம்புக்குப் பிறவியில் வருவதில்லை. தினமும் பட்டுப் பட்டு வருவது. குளிர்ந்த ஊரில் சில வாரம் இருந்தால் அது கழன்றுவிடும். ஜெர்மனியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு நேராக கிரீஸ் வெயிலில் இறங்கும்போது அவர் பாதி வெள்ளைக்காரர்தான்!

மூன்றாவது, கடிகாரம். "பன்னிரண்டிலிருந்து மூணு வரை வெளியே போகாதீங்க" என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12 மணிக்கு. ஐரோப்பாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் ஜூலையில் ஏதென்ஸிலும் பிரான்ஸின் நீஸ் நகரிலும் உச்சிப்பொழுது மதியம் ஒன்றரை மணி வாக்கில். ஸ்பெயினின் மலகாவில் இரண்டே கால் மணிக்கும் மேல்! நாலு மணிக்கு "வெயில் தாழ்ந்துடுச்சு" என்று கிளம்பினால் கொதிக்கிற நேரத்தில்தான் கிளம்புகிறீர்கள். சூடு ஆறு மணி வரை நீடிக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். ஊர் அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் தெருவில் நடப்பது யார்? டூரிஸ்ட்தான்!

2024 ஜூன் 5. கிரீஸில் சிமி என்ற சின்னத் தீவு. மருத்துவம் படித்தவர், பிரிட்டன் டி.வி.யில் ஆரோக்கிய நிகழ்ச்சிகள் நடத்திப் புகழ் பெற்றவர், மைக்கேல் மோஸ்லி. வயது 67. மனைவியோடு லீவுக்கு வந்தவர், கடற்கரையிலிருந்து மதிய வெயிலில் பாறைப் பாதையில் தனியாக நடந்து கிளம்பினார். திரும்பவில்லை. நாலு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. ஹீட் ஸ்ட்ரோக் காரணமாக இருக்கலாம், அல்லது கண்டுபிடிக்க முடியாத வேறு உடல் கோளாறாகவும் இருக்கலாம் என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். அதே ஜூனில் கிரீஸில் வெயிலில் நடக்கப் போன வேறு சில டூரிஸ்ட்டுகளும் இறந்தார்கள். ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொன்னவருக்கே இப்படி. கவனியுங்கள், அது ஆகஸ்ட் கூட இல்லை, ஜூன் தொடக்கம். அந்த வருஷம் வெயில் அலை முன்கூட்டியே வந்துவிட்டது.

இத்தாலியின் சிசிலித் தீவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2003 கோடையில் வீசிய வெயில் அலையில் ஐரோப்பா முழுவதும் 70,000 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பாலோர் முதியவர்கள். வெயிலோடு காட்டுத் தீயும் சேரும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவி, சுமார் 19,000 பேரை ஓட்டல்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்தது.

அப்படியென்றால் கூட்டம் ஏன் ஆகஸ்டில்?

"இவ்வளவு மோசமான மாசம்னா ஏன் உலகமே அப்பத்தான் அங்கே போகுது?" என்று கேட்பீர்கள். சீஸனைத் தீர்மானித்தது வானிலை இல்லை. ஸ்கூல் லீவும் ஃபாக்டரி லீவும்தான்!

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இந்தக் கடலோரத்துக்கு சீஸன் குளிர்காலம். அதைத் தொடங்கி வைத்தவர்களில் டாக்டர்களும் உண்டு. ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கிலேய டாக்டர் காசநோயோடு 1859-ல் பிரெஞ்சுக் கடலோர ஊரான மாந்தோனுக்கு வந்தார். உடம்பு தேறியது. "குளிர்காலத்தை இங்கே கழியுங்கள்" என்று புத்தகமே எழுதிவிட்டார். நோயாளிகளும் பணக்காரர்களும் குவிந்தார்கள். விக்டோரியா மகாராணி 1882-ல் மாந்தோனுக்கு வந்தார். பின்னாளில் நீஸுக்கும் பல தடவை வந்தார். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் (அவரும் டாக்டர், அவருக்கும் காசநோய்) 1897-ல் குளிர்காலத்தைக் கழிக்க நீஸுக்குத்தான் போனார். கோடை வந்தால் பெரிய ஓட்டல்களெல்லாம் கதவைச் சாத்திவிடும். "இந்த வெயிலில் யார் வருவார்கள்?" என்பதே அன்றைய பேச்சு.

1923-ல் ஓர் அமெரிக்கத் தம்பதி, ஆந்தீப் ஊரில் இருந்த ஓட்டல் ஒன்றைக் கோடையிலும் திறந்து வைக்கச் சொல்லித் தங்கினார்கள். வெயிலில் காய்ந்து தோலைக் கறுப்பாக்கிக் கொள்வது ஃபேஷன் ஆனது. 1936-ல் பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் வந்தது. சாதாரண குடும்பங்களும் கடற்கரைக்குக் கிளம்பின. இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நாடே லீவில் போகும். கூட்டம் ஆகஸ்டுக்கு மாறியது இப்படித்தான். அவர்கள் ஸ்கூல் லீவுக்காகப் போகிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே?

மே – ஜூன்: பூவும் உண்டு, மகரந்தமும் உண்டு

நம் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே. அதனால் பல குடும்பங்களுக்கு அதுதான் வசதி. மே மாசம் அங்கே அழகான மாசம். மலைச்சரிவெல்லாம் பூ. பகலில் 22 முதல் 26 டிகிரி. நடந்து ஊர் பார்க்க, பழைய கோட்டைகள் ஏற, இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, கடல் ஜில்லென்று இருக்கும். மே மாசத்தில் பார்சிலோனாப் பக்கம் சுமார் 17 டிகிரி, கிரீட்டில் 19, 20. மெரினாவில் 28 டிகிரித் தண்ணியில் கால் நனைத்த நமக்கு அது ஐஸ் தண்ணி. இதய நோய் உள்ளவர்கள் தடாலென்று குதிக்கக் கூடாது. மூச்சு திணறும், நாடித்துடிப்பு எகிறும். முதலில் கால், பிறகு கை, முகம் என்று நனைத்து, மெதுவாக இறங்கிச் சீக்கிரம் ஏறிவிடுங்கள்.

இரண்டாவது, காற்று குளிர்ச்சி. ஆனால் சூரியன் குளிர்ச்சி இல்லை. மே 10-ம் தேதி சூரியன் நிற்கும் உயரம் ஆகஸ்ட் 2-ம் தேதி நிற்கும் உயரத்துக்குச் சமம். புற ஊதாக் கதிர்கள் அதே வேகத்தில்தான் விழும். உடம்பு சுடாததால் நாம் தொப்பி போடுவதில்லை, குழந்தைகளுக்கும் போடுவதில்லை. ராத்திரி மூக்கும் தோளும் எரியும்போதுதான் தெரியும். "நம்ம கறுத்த தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது பாதி உண்மை. வெள்ளைத் தோல் அளவுக்குச் சீக்கிரம் பொசுங்காது, அவ்வளவுதான். கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு அகலத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, சன் ஸ்க்ரீன் க்ரீம் எல்லாருக்கும் உண்டு.

மூன்றாவது, மகரந்தம். மே மாசத்தை ஒட்டி ஆலிவ் மரங்கள் பூக்கும். தென் ஸ்பெயின், தென் இத்தாலி, கிரீஸில் கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் தோப்புதான். ஆஸ்துமா, அலர்ஜித் தும்மல் உள்ளவர்களுக்கு அந்த மகரந்தம் ஆகாது. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்பிவிடாதீர்கள். வசந்த காலத்தில் சில நாள் சஹாராப் பாலைவனத்திலிருந்து தூசிக் காற்றும் வரும். வானமே மஞ்சளாகத் தெரிந்தால் அன்று ரூமிலேயே இருந்துவிடுவது நல்லது.

செப்டம்பர் – அக்டோபர்: நம் ஓட்டு இதற்கே!

பாதி செப்டம்பரிலிருந்து பாதி அக்டோபர் வரை. இந்த ஒரு மாசம்தான் நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கும் குளிர் தண்ணிக்குப் பயப்படும் நம்மவர்களுக்கும் பொருத்தமான சீஸன். வெயில் சாய்ந்துவிட்டது, கடலில் சூடு மிச்சமிருக்கிறது. பகலில் 24 முதல் 28 டிகிரி. ஸ்கூல் திறந்துவிட்டதால் கூட்டம் குறைவு, ஓட்டல் வாடகையும் இறங்கும். திராட்சையும் அத்தியும் பழுத்துக் கிடக்கும். வேறென்ன வேண்டும்?

இதிலும் சின்னச் சின்ன முள் உண்டு. சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும்.

கொசு! ஆகஸ்ட், செப்டம்பரில் இத்தாலியின் வட பகுதியிலும் கிரீஸிலும் கொசுவால் 'மேற்கு நைல் காய்ச்சல்' என்ற வைரஸ் நோய் பரவுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. வயசானவர்களில் சிலருக்கு மட்டும் மூளை வரை போகும். சாயங்காலம் முழுக்கைச் சட்டை போட்டு, கொசு விரட்டும் க்ரீம் தடவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மழை. சூடான கடலின் மேல் குளிர்காற்று வந்து மோதினால் மேகம் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கிரீஸை மூழ்கடித்துவிட்டு லிபியாவில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொண்டது. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் வெள்ளம் 200-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு நாளும் இப்படி என்று பயப்பட வேண்டாம். வானிலை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். சிவப்பு என்றால் வெளியே தலைகாட்டக் கூடாது. வறண்டு கிடக்கும் ஓடைப் பாதையில் காரை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

குளிர்காலம்: நடக்கலாம், நீந்த முடியாது

டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மலகா, மால்டா, சைப்ரஸ் பக்கம் பகலில் 15 முதல் 18 டிகிரி. நம் ஊட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாவின் ரிடையரானவர்கள் பனிக்குப் பயந்து இங்கே வந்து தங்குகிறார்கள். பிப்ரவரியில் மாந்தோனில் எலுமிச்சைத் திருவிழாவும் நீஸில் கார்னிவலும் நடக்கும். ஆனால் கடலில் இறங்க முடியாது, அடிக்கடி மழை. சின்னத் தீவுகளில் ஓட்டல்கள் பலவும் மூடியிருக்கும். கடலோர வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. உள்ளே ஈரக் குளிர் அதிகம். மூட்டுவலி உள்ளவர்கள் ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே புக் செய்ய வேண்டும்.

அங்கேயும் ஆடிக்காற்று!

'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்' என்போமே, கிரீஸ் தீவுகளிலும் சரியாக அதே ஜூலை, ஆகஸ்டில் ஒரு வடகாற்று வீசும். பெயர் மெல்டெமி. வானம் தெளிவாக இருக்கும், கடல் கொந்தளிக்கும். காற்று பலமானால் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கப்பலில் வாந்தி வருபவர்களுக்கு இந்த இரண்டு மாசம் படு அவஸ்தை. தீவு விட்டுத் தீவு போவதாக இருந்தால், திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே பெரிய ஊருக்கு வந்துவிடுங்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் இந்தக் காற்று அடங்கத் தொடங்கும்.

கோடைக் கடலில் ஜெல்லி மீன்களும் கூட்டமாக வரும். நம் மீனவர்கள் 'சொறி' என்பார்கள். பட்டுவிட்டால் கடல் தண்ணியாலேயே கழுவுங்கள். குழாய்த் தண்ணி வேண்டாம், மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

எந்த ஊருக்கு எந்த மாசம்?

மத்தியதரைக் கடல் மேற்கிலிருந்து கிழக்கு வரை ஒரே மாதிரி இல்லை. கிழக்கே போகப் போகத் தண்ணி சூடு அதிகம், ஆறவும் நாளாகும்.

தென் ஸ்பெயின் (மலகா): ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக் தண்ணி உள்ளே வருவதால் ஆகஸ்டில்கூடக் கடல் 22, 23 டிகிரிதான். ஊர் சுற்ற மே, கடலுக்கு செப்டம்பர்.

பிரெஞ்சுக் கடலோரம் (நீஸ், மாந்தோன்): ஜூன் முதல் பாதி, செப்டம்பர். அக்டோபரில் மழை தொடங்கிவிடும்.

குரோஷியா (துப்ரோவ்னிக்): ஜூன், செப்டம்பர் முதல் பாதி. அதற்குமேல் மழை.

மால்டா, சிசிலி: மே கடைசி, செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை.

கிரீஸ் தீவுகள்: மே பாதியிலிருந்து ஜூன் தொடக்கம், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம்.

சைப்ரஸ், துருக்கியின் அந்தால்யா: அக்டோபர் முழுவதும் ஜம்மென்று இருக்கும். கடல் அப்போதும் 25 டிகிரி. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

யாருக்கு என்ன கவனம்?

பி.பி. உள்ளவர்கள்: பி.பி. மாத்திரைகளில் சில, நீர் பிரிய வைப்பவை. வெயிலில் அவையும் சேர்ந்து உடம்பை வற்ற வைக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளம்பும் முன் டாக்டரிடம் "இந்த மாசம், இந்த ஊர், இவ்வளவு வெயில்" என்று சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள்: சூட்டில் இன்சுலின் உடம்பில் வேகமாக உறிஞ்சப்படும்; கூடவே நடையும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பையில் மிட்டாய் இருக்கட்டும். இன்சுலினை நிறுத்திய காரில் வைக்காதீர்கள். மணல் சுடும், கால் மரத்துப்போனவர்களுக்குத் தெரியாது. கடற்கரையிலும் செருப்பு வேண்டும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்: ஜூலை, ஆகஸ்டைத் தவிர்ப்பதே நல்லது. முடியாவிட்டால் காலை பத்து மணிக்குள், மாலை ஆறு மணிக்கு மேல்.

எல்லாருக்கும்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. ஒருவருக்குப் பேச்சு குழறி, நடை தடுமாறி, உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊற்றாதீர்கள். ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் அவசர உதவிக்கு 112. துருக்கியிலும் அதே எண்தான்.

விசா, இன்ஷூரன்ஸ்: ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்பே மனு கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். 'ஏற்கனவே இருக்கும் நோய்க்கு உண்டா?' என்ற வரியைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

அம்மா விடவில்லை. மகனிடம் திரும்பவும் போன் பேசினார். "ஆகஸ்ட் வேண்டாம்டா. செப்டம்பர் இருபதுக்கு மேல லீவு கிடைக்குமான்னு கேளு. கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். கடல் எங்கேயும் ஓடிடாது." மகன் ஆபீஸில் கேட்டான். ஆகஸ்டில் லீவு கேட்டு வரிசையில் நின்றவர்கள் பல பேர். செப்டம்பர் கேட்டவன் இவன் ஒருவன்தான். உடனே கிடைத்துவிட்டது!

கிரீட் தீவின் கடற்கரையில் சாயங்காலம் அஞ்சு மணி. அப்பா முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணியில் நின்றார். அம்மா கரையிலிருந்து கேட்டார்: "என்னங்க, வெயில் எப்படி?"

"வெயிலா? எங்கே இருக்கு?" என்றார் அப்பா. "தண்ணிதான் நல்லா வெதுவெதுன்னு இருக்கு. நீயும் வா!"

இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் யோசிக்கிறோம். மாசத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நாளாவது யோசிப்போமே!